பொங்கல் வாரமும் ஒரு வரிக்குதிரையும்: புதுச்சேரி, கடலூர் நாட்குறிப்பு

ஜனவரி 12, ஞாயிறு: புதுச்சேரி

மதுரையிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து விடிகாலையில் இறங்கியபோது நல்ல பனி. எதிரில் நிற்கிற ஆட்டோவின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. டீ 15 ரூபாய். கடைக்காரர் கேட்காமலே இரண்டாவது தடவை கொஞ்சம் ஊற்றினார். அக்கா, மாமா, அக்கா மகள் யாழினி மூவரும் கடலூரிலிருந்து எட்டு மணிக்கெல்லாம் வந்து சேர்ந்தார்கள். ஒருநாள் புதுச்சேரி, அப்புறம் கடலூரில் அக்கா வீட்டுப் பொங்கல் என்பது திட்டம்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு என்பதால் காந்தி வீதிச் சந்தையில் கால் வைக்க இடமில்லை. மூடியிருக்கிற கடைகளின் வாசலில் எல்லாம் தார்ப்பாய் விரித்து நைட்டி, பெட்ஷீட், செருப்பு, பாத்திரம் என்று குவித்திருக்கிறார்கள். வரிக்குதிரைத் தோல் மாதிரி அச்சிட்ட போர்வை ஒன்றை அக்கா எடுத்தாள். 350 சொன்னவர் 220-க்கு இறங்கினார். மடித்துக் கொடுக்கும்போது யாழினி கேட்டாள்: “இது வெள்ளையில கறுப்புக் கோடா, கறுப்புல வெள்ளைக் கோடா?” அவர் நிதானமாக யோசித்துவிட்டு, “துணி வெள்ளை பாப்பா, அச்சுதான் கறுப்பு” என்றார். போர்வையைப் பொறுத்தவரை அது சரியான பதில். நிஜ வரிக்குதிரைக்கு அப்படி இல்லை, அது கறுப்பில் வெள்ளைக் கோடு என்று நான் சொன்னேன். பதினொன்றாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறவன் நான். இதைச் சும்மா விட மனம் வரவில்லை. ஆனால் மாமா ஒத்துக்கொள்ளவே இல்லை. வயிறு வெள்ளையாக இருக்கும் பிராணி வெள்ளைதான் என்பது அவர் கட்சி. சாப்பாடு வரைக்கும் இதே பேச்சு.

சாப்பாடு சுமார். மீன் குழம்பில் புளி தூக்கல், வஞ்சிரம் ஒரு துண்டு 180 ரூபாய்.

மதியம் வெயில் தாழ்ந்ததும் வெள்ளை நகரத் தெருக்களில் நடந்தோம். துய்மா வீதி, சுய்ஃப்ரேன் வீதி என்று நீலப் பலகைகள். அங்கேதான் யாழினிக்கு ஜூல் கிரேவியைப் பற்றிச் சொன்னேன். 1879 முதல் 1887 வரை பிரான்ஸின் குடியரசுத் தலைவராக இருந்தவர். இந்த ஊரும் அப்போது பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. அபிசீனியாவிலிருந்து (இன்றைய எத்தியோப்பியா) அவருக்கு அன்பளிப்பாக ஒரு வரிக்குதிரை வந்தது. மற்ற வரிக்குதிரைகளை விடப் பெரியது, காதுகள் வட்டமாக, கோடுகள் மிக நெருக்கமாக, வயிறு தூய வெள்ளையாக. 1882-ல் பாரிஸ் விலங்கியலாளர் எமில் ஊஸ்தாலே அது தனி இனம் என்று கண்டு கிரேவியின் பெயரையே வைத்தார். இன்றைக்குக் கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் மட்டும் சில ஆயிரம் மிச்சம். “அப்ப பாண்டிச்சேரிக்காரங்களோட ஜனாதிபதி பேருல ஒரு வரிக்குதிரை இருக்கு” என்று அவள் தன் பாணியில் முடித்துக்கொண்டாள். எனக்கு அது பிடித்திருந்தது.

மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கப்புறம் அந்தச் சாலை முழுக்க நடக்கிறவர்களுக்கு. சுண்டல் 20 ரூபாய், மாங்காய் தூக்கலாக. இரவு தங்கிய விடுதியில் வெந்நீர் வரும் என்றார்கள், வரவில்லை. கொசு மட்டும் தாராளம். நான் ஒரு மணி வரை தூங்கவில்லை.

ஜனவரி 13, திங்கள்: வில்லியனூர்

போகி. விடியும் முன்னே தெருவெல்லாம் புகை. பனியும் புகையும் சேர்ந்து யாழினி இருமிக்கொண்டே வந்தாள்.

வில்லியனூர் சுடுமண் பொம்மைகளுக்குப் பேர் போன ஊர், புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. புதுச்சேரியிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம்தான். நாங்கள் போன வீட்டில் பெரியவர் ஒருவர் பொங்கல் பானைகளை வைக்கோல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். வருஷத்திலேயே அவருக்கு அதிக வேலை இருக்கிற நாளில் போய் நின்றோம். ஆனாலும் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். மூலையில் அய்யனார் குதிரைகள். ஆள் உயரத்தில் ஒன்று, கைக்கு அடக்கமாகப் பல.

யாழினி உள்ளங்கை நீளக் குதிரை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, இதை வரிக்குதிரையாகத் தீட்ட வேண்டும், முதலில் எந்த நிறம் பூச வேண்டும் என்று கேட்டாள். “எந்தக் குதிரைன்னாலும் முதல்ல சுண்ணாம்புதாம்மா. வெள்ளை அடிச்சாத்தான் மத்த வர்ணம் எடுக்கும்” என்றார். மாமாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பெரியவர் அதோடு விடவில்லை. “கறுப்பே வேணும்னா வர்ணமே வேணாம். சூளையை மூடிப் புகையை உள்ளேயே அடைச்சுட்டா மண்ணே கறுத்துரும். அப்புறம் வெள்ளைக் கோடு மட்டும் போட்டா போதும்” என்றார். எத்தனையோ தலைமுறையாகக் கரும்பானை சுட்டது இப்படித்தான். பொங்கல் முடிகிற வரை சூளை கிடையாது என்பதால் சிவப்புக் குதிரையையே வாங்கினோம். 120 ரூபாய். பேரம் பேச அக்காவுக்கும் மனம் வரவில்லை.

மாலையில் கடலூர் போகிற வழியில் கிருமாம்பாக்கம் தாண்டி நாங்கள் ஏறிய தனியார் பேருந்தின் டயர் வெடித்தது. மாற்று டயர் இருந்தது, ஜாக்கி இல்லை. ஒன்றேகால் மணி நேரம் சாலையோரம். கூட வந்த ஒரு அம்மா, தன் வீட்டுக்கு வாங்கிக்கொண்டுபோன கரும்புக் கட்டிலிருந்து ஒன்றை உருவி முழங்காலில் வைத்து உடைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் துண்டு துண்டாகக் கொடுத்தார். காசு கொடுக்கப் போன மாமாவை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். நடத்துநர் பயணச்சீட்டுக் காசைத் திருப்பித் தர மாட்டேன் என்று நின்றார். கடைசியில் அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டார்கள், நின்றுகொண்டே போனோம்.

ஜனவரி 14, செவ்வாய்: கடலூர்

பொங்கல். அக்கா வீடு ஆல்பேட்டைக்குப் பக்கம். டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து இந்தப் பக்கமெல்லாம் புகுந்தது. சுவரில் இடுப்பளவுக்குக் கறை இன்னும் இருக்கிறது. புது வெள்ளை அடிக்கக் கையில் காசில்லை என்றார் பக்கத்து வீட்டு ஆயா. ஆனால் வாசலில் அவர் போட்ட கோலம் அந்தத் தெருவிலேயே பெரியது.

பானை கிழக்கே பொங்கியது. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நானும்.

ஜனவரி 15, புதன்: நெல்லிக்குப்பம் பக்கம்

இந்தப் பயணத்தின் நல்ல நாள் இதுதான். மாமாவின் பெரியப்பா வீடு நெல்லிக்குப்பத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில். மாட்டுப் பொங்கலுக்கு அங்கே போவது வழக்கமாம். சாலையின் இரண்டு பக்கமும் ஆலைக்கரும்பு, வெள்ளத்தில் சாய்ந்தது சாய்ந்தபடி கிடந்தது.

பெரியவரிடம் நான்கு மாடுகள். வெள்ளை நாட்டுப் பசு ஒன்று, அதன் கன்று, இரண்டு கலப்பினக் கறவைகள். குளிப்பாட்டிக் கொம்புக்கு நீலமும் சிவப்பும் பூசியிருந்தார்கள். மழைக்காலம் போன கையோடு ஈ அப்பியது. வால் ஓயவில்லை. வேப்பெண்ணெய் தடவியும் வேப்பிலைப் புகை போட்டும் அரை மணி நேரத்துக்குத்தான் பலன் என்றார்.

வேலையில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஜப்பான் கதையைச் சொன்னேன். 2019-ல் வெளியான ஆய்வு. கறுப்பு மாடுகளின் மேல் வெள்ளை வர்ணத்தால் வரிக்குதிரைக் கோடு போட்டார்கள். கோடு போடாத மாட்டில் உட்கார்ந்த கடி ஈக்களில் பாதிக்கும் குறைவுதான் கோடு போட்ட மாட்டில் உட்கார்ந்தன. கறுப்பு மாட்டில் கறுப்பு வர்ணத்தாலேயே கோடு போட்டும் பார்த்தார்கள், பெரிதாகக் குறையவில்லை. ஆகவே வர்ணத்தின் வாசனை காரணமில்லை, கோடுதான் காரணம். அதே 2019-ல் இங்கிலாந்தில் டிம் காரோ என்கிற ஆய்வாளரும் மற்றவர்களும் குதிரைகளுக்கு வரிக்குதிரைச் சட்டை மாட்டிவிட்டுப் பார்த்தார்கள். ஈக்கள் பக்கம் வரை வழக்கம்போல வந்தன. கிட்டே வந்ததும் வேகத்தைக் குறைக்கத் தெரியாமல் மோதின, அல்லது தாண்டிப் பறந்தன. சட்டை மறைக்காத தலையில் மட்டும் எப்போதும்போல உட்கார்ந்தன. சிங்கத்தை ஏமாற்றத்தான் கோடு என்று நாம் படித்திருப்போம். நல்ல பகலிலேயே 50 மீட்டருக்கு அப்பால் சிங்கத்தின் கண்ணுக்கு அந்தக் கோடு பிரிந்து தெரியாது என்று 2016-ல் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். ஆப்பிரிக்காவில் கடி ஈ கொண்டுவருகிற நோய்கள் குதிரை இனத்தையே கொல்லக்கூடியவை. வரிக்குதிரையின் மயிரோ குட்டை, ஈயின் ஊசி வாய் சுலபமாக இறங்கும். கோடு அதற்கு அழகுக்கு இல்லை, உயிருக்கு.

பெரியவர் இதை முழுசாகக் கேட்டார். “அடுத்த வருஷம் கொம்புக்கு மட்டும் இல்லாம உடம்புக்கும் அடிச்சுப் பாக்குறேன்” என்றார், விளையாட்டாக இல்லை. வர்ணம் மாட்டுத் தோலுக்குக் கேடு செய்யாததாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். சுண்ணாம்பு ஆகாது என்று அவரே சொன்னார்.

அப்புறம் எங்கள் வழக்கை மாமா அவரிடம் கொண்டுபோனார். நான் முதல் ஆதாரத்தை வைத்தேன்: வரிக்குதிரையின் மயிரைச் சிரைத்துப் பார்த்தால் கோட்டுக்கு அடியில் மட்டுமல்ல, உடம்பு முழுக்கத் தோல் கறுப்பு.

பெரியவர் எழுந்துபோய் வெள்ளைப் பசுவின் கழுத்து மயிரை இரண்டு கட்டை விரலால் வகிர்ந்து காட்டினார். அடியில் கருந்தோல். “இதுவும்தான் உள்ளே கறுப்பு. இதைக் கறுப்பு மாடுன்னு யாரும் சந்தையில வாங்குவானா?”

இவ்வளவு கூர்மையாக இந்தக் கேள்வியை என் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. நாட்டு மாடுகள் பலவற்றுக்கு வெயில் தாங்கக் கருந்தோல்தான், மேலே மயிர் வெள்ளை. ஆகவே தோலை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. மயிர்க்காலுக்குத்தான் போக வேண்டும்.

மயிருக்குக் கறுப்பு தருவது மெலனின் என்கிற நிறமி. அதைச் செய்யும் செல்கள் வரிக்குதிரையின் கறுப்புக் கோட்டிலும் இருக்கின்றன, வெள்ளைக் கோட்டிலும் இருக்கின்றன. வெள்ளைக் கோட்டில் அந்தச் செல்களுக்கு வேலை நிறுத்தப்பட்டிருக்கிறது, முளைக்கிற மயிருக்கு நிறமி போய்ச் சேருவதில்லை. உடம்பு முழுவதும் கறுப்புக்கான ஏற்பாடு தயார். அதைப் பட்டை பட்டையாகத் தடுத்ததில் வந்தது வெள்ளை. கறுப்பு யாரும் மேலே வரைந்தது இல்லை.

அடுத்த ஆதாரம் எனக்கு இன்னும் பிடித்தது. தடுக்கிற வேலை சரியாக நடக்காத குட்டி எப்படிப் பிறக்கும்? வெள்ளை உடம்பில் கறுப்புக் கோடு எழுதுவதுதான் இயற்கையின் முறை என்றால், எழுதுவது தவறிய குட்டி வெள்ளையாகவும் அங்கங்கே கறுப்புப் புள்ளியாகவும் இருக்க வேண்டும். 2019 செப்டம்பரில் கென்யாவின் மசாய் மாராவில் ஒரு குட்டியைப் பார்த்தார்கள். டிரா என்று பெயர் வைத்தார்கள். உடம்பு முழுக்கக் கறுப்பு, அதன்மேல் சிறு சிறு வெள்ளைப் புள்ளிகள். கோடாகச் சேர வேண்டிய வெள்ளை சேராமல் புள்ளியாகவே நின்றுவிட்டது. எடின்பரோவில் இருந்த உயிரியலாளர் ஜோனதன் பார்டு 1977-லேயே இப்படிப் பிறந்த ஒரு வரிக்குதிரையை வைத்து, இது வெள்ளைக் கோடு போட்ட கறுப்புப் பிராணி என்று எழுதிவிட்டார்.

மாமா அப்போதும் வயிற்றை விடவில்லை. கிண்டியில் அவர் பார்த்த வெளிமானை நினைவுபடுத்தினேன். கிடா மானின் முதுகு கரி, வயிறு பால் வெள்ளை. அதை யாரும் வெள்ளை மான் என்று சொல்வதில்லை. பாலூட்டிகளில் அடிவயிறு வெளுத்திருப்பது சர்வ சாதாரணம். அதோடு சமவெளி வரிக்குதிரைகள் பலவற்றுக்குக் கோடு வயிற்றைச் சுற்றி அடியிலும் போகிறது. பெரியவர் தலையாட்டினார். “கன்னு மாறிப் பொறந்தாத்தான் உள்ள குணம் தெரியும்” என்றார். மாமா வேறு பேச்சுக்குப் போனார்.

மத்தியானம் வெண்பொங்கல், மொச்சையும் பரங்கியும் போட்ட குழம்பு, கருணைக்கிழங்கு வறுவல். மாட்டுக்கு ஊட்டிய பிறகுதான் எங்களுக்கு. திண்ணையில் உட்கார்ந்து யாழினி குதிரையைத் தீட்டினாள். முதலில் முழுக்கக் கறுப்பு. காய்ந்ததும் மெல்லிய வெள்ளைக் கோடுகள், வயிறு மட்டும் மொத்தமாக வெள்ளை. கிரேவிதான் வேண்டுமாம். வில்லியனூர்ப் பெரியவர் சொன்னது போலவே வர்ணம் எடுக்கத்தான் இல்லை, வெள்ளையை மூன்று தரம் பூச வேண்டியிருந்தது.

ஜனவரி 16, வியாழன்: வெள்ளிக் கடற்கரை

காணும் பொங்கல். தேவனாம்பட்டினம் போனோம், போயிருக்கக் கூடாது. மஞ்சக்குப்பம் தாண்டியதுமே வண்டி நகரவில்லை. கடல் அலையை விடச் சத்தமாக ஒலிபெருக்கி. வறுத்த மீன் 60 ரூபாய் என்று எழுதிவிட்டு 100 கேட்டார்கள். ஒரு நல்ல விஷயம்: காணாமல் போன ஒரு சின்னப் பையனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, அவன் அம்மா கண்ணில் படுகிற வரை ஒரு போலீஸ்காரர் கரையோரம் நடந்துகொண்டே இருந்தார். அரை மணி நேரமாவது இருக்கும்.

ஜனவரி 18, சனி: தென்பெண்ணை ஆற்றங்கரை

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. மதுரைக்காரனான எனக்கு இது புதிது. சுற்று வட்டார ஊர்களிலிருந்து சாமிகளை டிராக்டரிலும் மாட்டு வண்டியிலும் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்கு வருகிறார்கள், தீர்த்தவாரி நடக்கிறது. போன மாதம் ஊருக்குள் வந்து பயமுறுத்திய அதே ஆற்றின் மணலில் இன்றைக்கு ராட்டினம், வளையல் கடை, பஞ்சுமிட்டாய். வெயில் சுள்ளென்று அடித்தது. சுருளிக் கிழங்கு குவித்து வைத்து விற்கிறார்கள், இந்தத் திருவிழாவுக்கு வந்தால் அது வாங்காமல் போகக் கூடாது என்றாள் அக்கா.

யாழினிக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. கிரேவிக்கு ஏன் அத்தனை கோடு? பார்டு எண்ணியபடி சமவெளி வரிக்குதிரைக்கு உடம்பில் சுமார் 26, கிரேவிக்குச் சுமார் 80. பலூன்காரர் பக்கத்தில் நின்றார். ஒரே அளவில் இரண்டு பலூன் வாங்கினேன், ஒன்று பத்து ரூபாய். ஒன்றை எலுமிச்சை அளவுக்கு ஊதி, ஸ்கெட்ச் பேனாவால் அரை விரல் இடைவெளியில் கோடு போடச் சொன்னேன். ஆறு கோட்டுக்கு மேல் இடமில்லை. இன்னொன்றைத் தேங்காய் அளவுக்கு ஊதி, அதே அரை விரல் இடைவெளி. பதினான்கு வந்தது. பிறகு இரண்டையும் முழுசாக ஊதினோம். முதல் பலூனில் கோடுகள் அகலமாக விலகி நின்றன, இரண்டாவதில் நெருக்கமாக.

கருவிலும் இப்படித்தான் என்பது பார்டு சொன்ன விளக்கம். கோட்டின் இடைவெளி ஆரம்பத்தில் எல்லா இனத்துக்கும் ஒன்றே, அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சமவெளி வரிக்குதிரைக்குக் கரு உண்டாகி மூன்றாவது வாரத்திலேயே, உடம்பு மிகச் சின்னதாக இருக்கும்போதே கோடு தீர்மானமாகிவிடுகிறது. கிரேவிக்கு ஐந்தாவது வாரம் ஆகிறது. அதற்குள் கரு நீண்டுவிடுவதால் அதிகக் கோடுகளுக்கு இடம் கிடைக்கிறது.

கூட்டம் கூடிவிட்டது. ஏழெட்டுப் பிள்ளைகள் பேனாவைக் கேட்டார்கள். பலூன்காரர் தானாகவே இன்னும் நான்கு பலூன் ஊதிக் கொடுத்துவிட்டு இரண்டுக்கு மட்டும்தான் காசு வாங்கினார். மாமா ஒரு பலூனை வாங்கிக் கையில் திருப்பிப் பார்த்துவிட்டு, “சரி, அப்ப குவாகான்னு ஒன்னு சொன்னியே, அது என்ன கணக்கு?” என்றார்.

தென்னாப்பிரிக்காவில் இருந்த குவாகாவுக்குக் கோடு தலை, கழுத்து, முன்னுடம்போடு நின்றுவிடும், பின்பக்கம் வெறும் பழுப்பு. வேட்டையில் தீர்ந்துபோய், கடைசி ஒன்று 1883 ஆகஸ்ட் 12 அன்று ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சியகத்தில் செத்தது. அழிந்துபோன பிராணி ஒன்றிலிருந்து முதன்முதலில் 1984-ல் மரபணு எடுத்தது அதன் பதப்படுத்திய தோலிலிருந்துதான். சமவெளி வரிக்குதிரையின் ஒரு வகைதான் அது என்று பின்னால் தெரிந்தது. அதே மாதிரி கோடு குறைந்தவற்றைத் தேர்ந்தெடுத்து இணை சேர்க்கும் முயற்சி 1987 முதல் அங்கே நடக்கிறது. இப்போது பிறக்கிற சில குட்டிகளுக்குப் பின்பக்கம் கோடு ஏறக்குறைய இல்லை, பழுப்பும் தெரியத் தொடங்கியிருக்கிறது. கோடு மறைகிற இடத்தில் உடம்பு பளீர் வெள்ளையாக மாறவில்லை என்பதை மாமாவே எடுத்துச் சொன்னார். யாழினி அவர் கையைப் பிடித்து ஜெயித்த மாதிரி குலுக்கினாள்.

கிழங்கு கிலோ 80 சொன்னார்கள், இரண்டு கிலோ 140-க்கு வாங்கினோம். மணலோடு இருக்கும், நன்றாக நாலு தண்ணீர் கழுவ வேண்டும். உப்பும் கொஞ்சம் மஞ்சளும் போட்டு வேகவைத்தால் போதும். இரவு பேருந்துக்குக் கிளம்பும்போது அக்கா பாதியை எனக்குக் கட்டிக் கொடுத்தாள்.